பாடமும் பிரதியும்: கணினித் திரையில் பழந்தமிழ் ஆராய்ச்சி

பழந்தமிழ் நூல்களை ஆராயப் புகும் மாணவர் ஒருவருக்கு இன்று கைகூடியிருக்கும் சௌகரியங்களை, அத்துறையில் அரை நூற்றாண்டுக்கு முன் உழைத்தவர் எவரும் கற்பனை செய்தும் பார்த்திருக்க மாட்டார். பாட்டும் தொகையுமாக 2381 என்று கணக்கிடப்பட்டுள்ள சங்கச் செய்யுட்களும், அவற்றைப் பாடியோராக அறியப்படும் 473 புலவர்களின் பெயர்களும், சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதியின் லட்சத்துக்கு மேற்பட்ட சொற்களும், எங்கோ ஒரு கிராமத்தில் பேருந்துக்குக் காத்திருக்கும் மாணவியின் கைத்தொலைபேசிக்குள் அடங்கியிருக்கின்றன. நூலகத்தின் வாயிலும் நூலகரின் தயவும் ரயில் கட்டணமும் குறுக்கே நில்லாமல், வேண்டிய பாட்டு வேண்டிய பொழுதில் அவள் முன் வந்து நிற்கிறது. இதனை நான் பெரும் பேறாகவே கருதுகிறேன். ஆயினும், அப்பாட்டு அந்த வடிவில் அங்கே வந்து சேர்ந்தது எவ்வாறு, எந்த ஏட்டிலிருந்து, எவருடைய தீர்ப்பினால் என்னும் விஷயம் மட்டும் அதனோடு வருவதில்லை என்பதையும், அது வாராமையால் நம் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் நேர்கின்ற சேதம் நாம் எண்ணியிருப்பதினும் பெரிது என்பதையும் இங்கே விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

சேதம் இன்னதென்று உணர வேண்டுமானால், ஓலைச் சுவடியின் இயல்பை முதலில் நினைவுகொள்ள வேண்டும். எழுத்தாணி கொண்டு எழுதியவர்கள் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. எகர ஒகரங்களின் குறிலும் நெடிலும் ஒரே வடிவில் நின்றன. வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டில் அவற்றை வேறுபடுத்த வகை செய்த பின்னரும், பழைய வழக்கம் ஏடுகளில் நெடுங்காலம் நீடித்தது. ரகரத்துக்கும், ஆகாரத்தைக் காட்டும் காலுக்கும் வேற்றுமை தெரியாது. சீரும் அடியும் பிரிக்கப்படாமல் ஓலையின் இரு ஓரங்களுக்கும் இடையே எழுத்துக்கள் இடைவெளியின்றி ஓடும்; மூலம் முடிந்து உரை தொடங்கும் இடமும் சிற்சில சமயம் புலப்படாது. ஓலையில் நிற்கும் ஒரு வடிவத்தைக் கொடு என்று படிப்பதா, கோடு என்று படிப்பதா என்பதை அந்த ஓலை சொல்லாது. யாப்பறிந்து, பொருளறிந்து, திணையும் துறையும் அறிந்து, வேறு ஏடுகளோடு ஒப்பிட்டு, படிக்கின்றவர்தாம் முடிவு செய்ய வேண்டும். ஆகவே இன்று நாம் புறநானூறு என்றும் குறுந்தொகை என்றும் வாசிக்கும் ஒவ்வொரு வரியும், யாரோ ஒருவர் பலவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, மற்றவற்றை விலக்கி, அவ்வாறு செய்ததற்குக் காரணமும் உடையவராய் இருந்து நிலைநிறுத்திய ஒரு முடிவாகும்.

அந்த முடிவுகளுக்குப் பின்னே எத்தகைய உழைப்பு இருந்தது என்பதற்குச் சீவகசிந்தாமணியின் பதிப்பு வரலாற்றைக் காட்டிலும் சிறந்த சான்று இல்லை. 1880-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், கும்பகோணம் கல்லூரியில் அவ்வாண்டில்தான் தமிழாசிரியராக அமர்ந்திருந்த உ. வே. சாமிநாதையர், அந்நகரத்து முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றதும், தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் தலபுராணங்களையும் வரிசையாகச் சொன்ன அந்த இளம் புலவரை முதலியார் சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவியதும் தமிழறிந்தோர் பலரும் அறிந்த செய்திகள். அதன் பின் நிகழ்ந்ததே நம் ஆராய்ச்சிக்கு முக்கியமானது. கதையின் சமய நுட்பங்கள் விளங்காமையால், கும்பகோணத்தில் வாழ்ந்த சைனர்களை நாடிச் சென்று, அந்நூலைச் சமய நூலாகப் போற்றிப் பாராயணம் செய்துவந்த அவர்களிடம் சந்தேகங்களைத் தெளிந்துகொண்டார். நச்சினார்க்கினியர் தம் உரையில் மேற்கோளாகக் காட்டும் அடிகள் எந்நூலைச் சேர்ந்தவை என்று உரையில் பெரும்பாலும் குறிப்பு இல்லாமையால், அவ்வடிகளின் பிறப்பிடத்தைத் தேடிக்கொண்டே போய், பெயரளவிலேனும் பலரும் அறியாதிருந்த பழைய நூல்களின் ஏடுகளுக்குள் நுழைந்தார். ஏழாண்டு கழிந்து 1887-இல் சிந்தாமணி வெளிவந்தது. 1889-இல் பத்துப்பாட்டும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும், 1898-இல் மணிமேகலையும் தொடர்ந்தன. மணிமேகலையின் பௌத்தப் பகுதிகளுக்காக, ஆங்கிலத்தில் வெளிவந்திருந்த பௌத்த சமய நூல்களின் கருத்தை, உடனாசிரியராக இருந்த ரங்காசாரியார் எடுத்துச் சொல்லக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

ஒரு மேற்கோளின் இடத்தை அறிய அவர் செலவிட்ட மாதங்களை இன்றைய தேடுபொறி கண்ணிமைப்பதற்குள் முடித்துவிடும் என்பது உண்மை. அம்மாதங்களில் அவர் அந்த ஒரு மேற்கோளை மட்டுமே கற்றாரல்லர் என்பதும் உண்மையே. தேடிய அடி கிடைக்கும் வரையில் தேடாத அடிகள் ஆயிரக்கணக்கில் அவர் கண்ணிற்பட்டன. அவ்வாறு பட்டவைதாம் அடுத்த நூலுக்கும் அதற்கு அடுத்த நூலுக்கும் அவரைத் தகுதியுடையவராக ஆக்கின. அவர் பதிப்புகளின் முகவுரையில் எந்த ஊரில் எவரிடம் ஏடு கிடைத்தது என்ற விவரமும், அடிக்குறிப்பில் பிரதிபேதங்களும், இறுதியில் அரும்பதங்களின் அகராதியும் இடம்பெற்றதை வெறும் நன்றியுணர்ச்சி என்றோ அலங்காரம் என்றோ கொள்வது தவறு. தாம் செய்த முடிவை மற்றொருவர் சோதித்துப் பார்த்து மறுப்பதற்கு வேண்டிய சாதனங்களை அவரே வாசகர் கையில் கொடுத்துவைத்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றிய சி. வை. தாமோதரம் பிள்ளையும், தம் பதிப்புரைகளில் ஏடுகள் அழிந்துகொண்டிருந்த நிலையையும் தம் பதிப்பின் ஆதாரங்களையும் மறையாமல் எழுதினார். நவீனத் தமிழாராய்ச்சியின் நாணயம் இவ்விருவருடைய முன்னுரைகளில் தொடங்குகிறது என்பது என் துணிபு.

இனி மின்னுலகத்துக்கு வருவோம். 1998-ஆம் ஆண்டு பொங்கலன்று, சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் ரசாயன ஆராய்ச்சி செய்துவந்த கு. கல்யாணசுந்தரம் என்னும் அறிஞர், உலகெங்கும் சிதறியிருந்த தமிழன்பர்கள் சிலரைக் கூட்டி, மதுரைத் திட்டம் என்ற பெயரால் பழைய நூல்களைத் தட்டெழுதி எவருக்கும் இலவசமாக வழங்கும் பணியைத் தொடங்கினார். தமிழைக் கணினியில் எழுதுவதே அக்காலத்தில் பெரும்பாடு. 1991-இல் வெளிவந்த ஒருங்குறியில் தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்த போதிலும் நடைமுறையில் அது பரவியிருக்கவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியாக்கமும் வைத்திருந்தது. ஒருவர் அனுப்பிய கடிதம் மற்றொருவர் திரையில் பொருளற்ற குறிகளின் கூட்டமாகத் தோன்றியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகைக்கும் குறியாக்கத்துக்கும் பொதுநெறி காண முயன்றது. தமிழ்நாட்டரசு ஒருங்குறியைத் தன் தரமாக ஏற்றது 2010-இல்தான். இத்தனை தடைகளுக்கிடையே, எவ்வித ஊதியமும் கருதாமல், பகலில் வேறு தொழில் செய்து இரவில் தேவாரத்தையும் கம்பராமாயணத்தையும் எழுத்தெழுத்தாகத் தட்டிய அந்தத் தன்னார்வலர்களுக்குத் தமிழாராய்ச்சி பட்டிருக்கும் கடன் அளவிடற்கரியது. தட்டெழுதியவர், பிழைதிருத்தியவர் பெயர்களை ஒவ்வொரு நூலின் தலையிலும் பொறித்த அவர்கள் வழக்கத்தை நான் எப்பொழுதும் மதிப்போடு குறிப்பிடுவதுண்டு.

ஆனால் அந்நூல்கள் அங்கிருந்து வேறிடங்களுக்குப் பிரதி செய்யப்பட்டபொழுது அத்தலைப்பகுதி உதிர்ந்துபோயிற்று. குறுந்தொகையை எடுத்துக்கொள்வோம். அதனை முதன்முதல் 1915-இல் அச்சிட்டவர் சௌரிப்பெருமாளரங்கனார், உ. வே. சாமிநாதையர் பல ஏடுகளைப் பரிசோதித்து, தம் முதுமையில் விரிவான உரையோடு வெளியிட்டது 1937-இல். இரண்டுக்கும் இடையே பாடம் வேறுபடும் இடங்கள் பல. இன்று ஒரு மாணவர் இணையத்தில் ஒரு குறுந்தொகைப் பாட்டைக் கண்டு அதைத் தம் ஆய்வேட்டில் எழுதுகிறபொழுது, இவ்விரண்டில் எதனை எழுதுகிறார், அல்லது பிற்காலத்தார் ஒருவர் தம் விருப்பப்படி சந்தி பிரித்து அமைத்த மலிவுப் பதிப்பை எழுதுகிறாரா என்பது அவருக்கும் தெரியாது. ஆய்வேட்டைப் பரிசோதிப்பவருக்கும் தெரியாது. இந்நிலை அச்சுக்காலத்திலும் ஓரளவு இருந்ததே என்று சிலர் சமாதானம் கூறுவர். இருந்தது மெய்தான். என்றாலும் மிக மட்டமான அச்சுப் புத்தகத்துக்கும் ஒரு முகப்புப் பக்கம் உண்டு, பதிப்பித்தவர் பெயரும் ஆண்டும் அச்சகமும் அதில் உண்டு. திரையில் மிதக்கும் பாட்டுக்கு அந்தக் குறைந்தபட்ச அடையாளமும் இல்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகம் போன்ற சில இடங்களில் ஐயர் பதிப்பு உரையோடும் பிரதிபேதத்தோடும் கிடைக்கிறது. ஆயினும் மாணவர் கண்ணில் முதலில் படுவது பெரும்பாலும் அதுவன்று, எங்கிருந்தோ எடுக்கப்பட்டு எங்கோ ஒட்டப்பட்ட வெறும் மூலந்தான்.

தேடுதல் என்னும் வித்தையையும் இவ்விடத்தில் சற்று நிதானமாக ஆராய வேண்டும், ஏனெனில் பெருந்தவறுகள் நிகழ்வது அங்கேதான். கணினிக்கு முன்னரும் சொல்லைத் தேடும் கருவிகள் இருந்தன. வ. அய். சுப்பிரமணியம் 1962-இல் புறநானூற்றுக்குச் சொல்லடைவு வெளியிட்டார், ந. சுப்பிரமணியன் பல்லவர்க்கு முற்பட்ட தமிழ் நூல்களின் அடைவை 1966-இல் வெளியிட்டார். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனம் அப்பத்தாண்டின் இறுதியில் பழந்தமிழ் இலக்கியச் சொல்லடைவை மூன்று பகுதிகளாகக் கொணர்ந்தது. இவற்றைத் தொகுத்தவர்கள் ஒவ்வொரு சொல்லையும் சந்தியிலிருந்து பிரித்து, இது பெயர், இது வினை, இதன் அடி இன்னது என்று தீர்மானித்த பின்னரே அடைவில் ஏற்றினர். பொற்குடம் என்றிருக்கும் இடத்தைப் பொன் என்பதன் கீழும், கற்றூண் என்றிருக்கும் இடத்தைக் கல் என்பதன் கீழும் அவர்கள் காட்டக்கூடும், தேடுபொறி காட்டாது. எழுத்துக்கு எழுத்து ஒத்திருப்பதையே அது காட்டும். மாணவர் பொன் என்று தட்டுகிறார். வந்த இடங்களை எண்ணுகிறார். இத்தொகையில் இத்தனை முறையே பொன் வந்துள்ளது என்று ஒரு முடிவையும் எழுதிவிடுகிறார். கணினி கண்டுபிடிக்கவில்லை என்பதற்கும் நூலில் இல்லை என்பதற்கும் உள்ள தூரத்தை எவரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

இதனினும் நுட்பமான ஒரு கேடு உண்டு. ஔ என்னும் உயிருக்கு ஒருங்குறியில் தனியிடம் இருக்க, தட்டெழுதுவோர் பலர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டு ஒளவை என்று எழுதிவிடுகின்றனர். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே; இயந்திரத்துக்கு அவை வெவ்வேறு சொற்கள். சங்ககாலப் பெண்பாற் புலவருள் மிகுதியான செய்யுட்களை நமக்கு விட்டுச் சென்றவர், தம் பெயரைச் சரியாகத் தட்டித் தேடுவோர்க்கு அகப்படாமல் மறைந்துகொள்கிறார். இன்னொன்று என்னைப் பெரிதும் வியக்கவைத்தது. ஓலையில் ரகரமும் காலும் மயங்கின என்று மேலே கூறினேன். இன்றைய மின்பிரதிகள் எத்தனையோ அதே இடத்தில் மீண்டும் மயங்குகின்றன. ர் என்று இருக்க வேண்டிய இடத்தில் காலின் தலைமேல் புள்ளி வைத்தும், ரி என்பதற்குக் காலோடு இகரக் குறியைச் சேர்த்தும் எழுதப்பட்ட பக்கங்கள் இணையத்தில் ஏராளம். அச்சு வந்து அடங்கிய மயக்கம் கணினியின் உள்ளே புகுந்து, இம்முறை கண்ணால் காணவும் முடியாத வடிவில் குடிகொண்டிருக்கிறது. ஏடு படித்தவருக்காவது தாம் ஐயத்துக்கிடமான ஒன்றைப் படிக்கிறோம் என்பது தெரிந்திருந்தது.

கல்வியின் மீது இதன் விளைவு யாது? முற்காலத்தில் பாடம் கேட்டல் என்ற முறை இருந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் திருவாவடுதுறையிலும் பிறவிடங்களிலும் கற்றவர்கள் நூலை முதற்செய்யுள் தொடங்கி இறுதிச் செய்யுள் வரையில் ஆசிரியர் முன்னிலையில் வாசித்துப் பொருள் கேட்டு மனத்தில் இருத்தினர். அம்முறையை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அக்கல்வி எத்தனை பேருக்குக் கிட்டிற்று, எந்தக் குலத்தாருக்கு அதன் கதவு அடைத்தே இருந்தது, பெண்களுள் எவர் அத்திண்ணையில் அமர்ந்தார் என்று கேட்டுப் பார்த்தால், திரையின் முன் இன்று அமர்ந்திருக்கும் மாணவிக்கு அந்தப் பழங்காலம் எதனையும் வைத்திருக்கவில்லை என்பது விளங்கும். ஆனால் நூலை முழுதும் கற்றல் என்ற அதன் ஒரு கூறினை நாம் இழக்கவேண்டிய அவசியம் எதுவும் இல்லை. என் வகுப்பில் ஒரு சொல்லைத் தேடி நாற்பது அடிகளைத் திரட்டிக் கொணரும் மாணவரிடம், அந்த நாற்பதில் ஏதேனும் ஒரு பாட்டை முழுமையாகச் சொல்லுமாறு கேட்பேன். பாட்டில் பேசுபவர் தலைவியா தோழியா என்பதே தெரியாமல் அவ்வடியிலிருந்து ஒரு சமூக வரலாற்றை எழுதத் துணிந்திருப்பார். அவரைக் குறைகூற எனக்கு உரிமையில்லை. தேடி எடுத்ததையே கற்றதாக மதிப்பிட்டு மதிப்பெண் வழங்கும் ஏற்பாடு எங்களுடையது.

அவசரமும் இவ்வேற்பாட்டின் பகுதியே. முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் நீக்கிவிட்டது. ஆயினும் ஆசிரியர் நியமனத்திலும் பதவி உயர்விலும் கட்டுரைகளை எண்ணும் பழக்கம் நீங்கவில்லை. எண்ணிக்கைக்கு எழுதுகிறவருக்கு ஏடு ஒப்பிடப் பொழுதேது? அண்மைக்காலத்தில், கேட்ட மாத்திரத்தில் மனிதரைப் போலவே வாக்கியம் அமைத்துத் தரும் இயந்திரங்களும் வந்து சேர்ந்திருக்கின்றன. அவை பழம்பாட்டு ஒன்றைச் செய்யுள் எண்ணோடும் புலவர் பெயரோடும் எடுத்துக்காட்டும். அப்படி ஒரு பாட்டு எந்நூலிலும் இராது. மூலம் எதுவென்று கேட்கும் பழக்கத்தை முன்னரே கைவிட்டுவிட்ட ஒரு கல்விக்கூடத்தில் அப்போலிப் பாட்டைத் தடுத்து நிறுத்துவார் எவருமிலர்.

மின்னூடகத்தின் மேல் வெறுப்புக் கொண்டு இவற்றை எழுதுகிறேன் என்று எவரும் எண்ணலாகாது. 1981-இல் தீக்கிரையாக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன; மீட்கவியலாத ஏடுகளும் இதழ்களும் அதனோடு சாம்பலாயின. ஒரே கட்டடத்தில் ஒரே பிரதியாக அறிவைச் சேமித்து வைப்பதன் அபாயத்தை அதனினும் கொடுமையாக எவரும் கற்றதில்லை. 2005-இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் மின்னூலக முயற்சி, இலங்கைத் தமிழரின் நூல்களையும் செய்தித்தாள்களையும் சிறு வெளியீடுகளையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து உலகின் முன் வைத்திருப்பது அந்த இழப்புக்குத் தரப்பட்ட சிறந்த விடையாகும். செட்டிநாட்டுக் கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதும் தொழில் செய்துகொண்டே ரோஜா முத்தையா என்னும் தனிமனிதர் சேர்த்த நூற்செல்வம், 1992-இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சிதறாமல் காக்கப்பட்டு, 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. நுண்படமும் மின்படமும் இல்லையேல் அக்காகிதங்களில் பல இதற்குள் பொடிந்திருக்கும். புதுச்சேரியில் உள்ள சைவச் சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறின. படமெடுப்பதனால் பிரதி காக்கப்படுகிறது என்பதில் விவாதமில்லை. பிரதியைக் காப்பதும் பாடத்தைத் தீர்மானிப்பதும் இருவேறு காரியங்கள் என்பதையும், முன்னதற்குக் கிட்டிய பொருளும் ஆர்வமும் பின்னதற்கு இன்னும் கிட்டவில்லை என்பதையுமே சொல்லவருகிறேன்.

பின்னது இயலாததன்று என்பதற்கு அத்தாட்சிகள் உண்டு. ஜெர்மானிய அறிஞர் ஈவா வில்டன், கிடைத்த ஏடுகளையும் காகிதச் சுவடிகளையும் பழைய பதிப்புகளையும் ஒப்பிட்டு, நற்றிணையை 2008-இலும் குறுந்தொகையை 2010-இலும் பாடபேதங்கள் யாவும் தெரியும்படி வெளியிட்டார். மற்றொரு வழியைத் தமிழ் விக்கிமூலத்தில் காண்கிறேன். அங்கே அச்சுப் பக்கத்தின் படம் ஒருபுறமும் தட்டெழுதிய எழுத்து மறுபுறமும் நிற்கின்றன; ஒருவர் திருத்திய பக்கம் மஞ்சள் நிறமும், வேறொருவர் அதனை மீண்டும் சரிபார்த்த பின் பச்சை நிறமும் பெறுகிறது; எவர், எந்நாளில், எந்த எழுத்தை மாற்றினார் என்பது அழியாமல் பதிவாகியிருக்கிறது. ஐயர் தம் முகவுரையில் செய்ததை இது ஒவ்வொரு பக்கத்துக்கும் செய்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது. ஒரு குறை என்னவெனில், அங்குள்ள சாட்சி அச்சுப் புத்தகமே. அதற்கு அடியில் இருக்கும் ஏடுகளின் படங்கள் வேறு ஸ்தாபனங்களின் பெட்டகங்களில் எழுத்தாக்கம் பெறாமல் கிடக்கின்றன. அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்களும் குறைந்துவருகின்றனர். தமிழ்த்துறைகள் பலவற்றில் சுவடியியல் விருப்பப் பாடமாகக்கூட இல்லை.

தமிழ்த்துறைகள் மனம் வைத்தால் குறுந்தொகையிலிருந்தே தொடங்கலாம். நாலடி முதல் எட்டடி வரையுள்ள நானூறு சிறு செய்யுட்களின் தொகை அது. 1915-ஆம் ஆண்டுப் பதிப்பும், ஐயர் 1937-இல் அடிக்குறிப்பில் கொடுத்த பிரதிபேதங்களும், வில்டனின் ஒப்பீடும் ஏற்கெனவே அச்சில் இருத்தலால், முதற்படிக்குப் புதிதாக ஏடு தேடி அலைய வேண்டுவதில்லை. முதுகலை மாணவர் ஒருவர் ஒரு பருவத்துக்கு ஐந்து பாட்டு என்று ஏற்று, ஒவ்வொன்றன் எல்லாப் பாடங்களையும் ஓரிடத்தில் வைத்து, சந்தி பிரித்த வடிவத்தையும் பிரியாத வடிவத்தையும் தனித்தனியே தந்து, தாம் ஒன்றைத் தேர்ந்த காரணத்தை நாலு வரியில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். அந்த நாலு வரிக்கு ஓர் ஆய்விதழ்க் கட்டுரைக்கு உரிய மதிப்பெண்ணைத் துறை வழங்க வேண்டும். எண்பது மாணவர்கள் சேர்ந்தால் ஒரே பருவத்தில் நூல் நிறைவெய்தும். ஓலையின் படங்களை அதன்பின் பக்கத்தில் சேர்க்கலாம். அதற்குள் அவற்றைப் படிக்கப் பழகிய கண்களும் சில அவ்வகுப்பிலிருந்தே வந்திருக்கும்.